சுவரில் வரைந்த மாடு

நைல் நதிக்கரையில் ஒரு மாகாணத்தை ஆண்ட நெப்சேனு, தன் கல்லறையைத் தானே கட்டிக்கொண்டிருந்தார். சுவரெங்கும் ரொட்டியும் கொழுத்த மாடும் வரைந்திருந்தார்கள். அவர் இறந்தபின் அவை உயிர்பெற்று வந்து அவர் வயிற்றை நிரப்புமாம்.

"சமைக்க நீ வேண்டுமே, தாவி! உன்னையும் உள்ளே வைத்து மூடச் சொல்லிவிட்டேன்," என்றார் சமையல்காரியிடம், பரிசு கொடுப்பவர் போல.

தாவி அடுப்படியில் நின்று வாத்தைப் புரட்டியபடியே கேட்டாள். "எசமான், அந்த மாடு நிஜமாகவே எழுந்து வருமா?"

"என்னடி சந்தேகம்? பூசாரிகள் மந்திரம் சொல்வார்களே!"

"அப்படியானால் என்னை வைத்து மூடுவதற்குப் பதில், மாட்டுக்குப் பக்கத்திலேயே என்னையும் வரையச் சொல்லுங்கள். மாடு எழுந்தால் நானும் எழுந்து சமைக்கிறேன். நான் எழாவிட்டால் மாடும் எழாது. அப்புறம் அங்கே நான் எதைச் சமைப்பது?"

மாடு எழாது என்று சொல்ல நெப்சேனுவுக்கு மனம் வரவில்லை. ஓவியனைக் கூப்பிட்டார்.

தாவி அவன் காதருகே சொன்னாள்: "அண்ணே, அங்கேயாவது என்னை உட்கார வைத்து வரையுங்கள்."