மாமியாரைப் புகழ்ந்து ஒண்ணு

ஊரில் மழைக்குப் பஞ்சம் வந்தாலும் பேச்சியம்மாள் வாயில் பழமொழிக்குப் பஞ்சம் வராது. அதில் பாதி, மருமகள் செண்பகத்தைக் குத்தத்தான். தங்கச்சி வளைகாப்புக்குப் போகணும் என்று செண்பகம் கேட்டதும் பேச்சியம்மாள் சட்டம் போட்டாள்.

"எல்லாப் பழமொழியும் மாமியாரைத்தான் ஏசுது. புகழ்ந்து ஒண்ணு சொல்லிட்டுப் போ. இல்லேன்னா போகவே வேண்டாம்."

அப்படி ஒண்ணு இருந்தால்தானே! செண்பகம் அசரவில்லை.

"நீங்களும் மருமகளா இருந்தவங்கதானே அத்தை? அப்போ உங்க மாமியாரைப் புகழ்ந்து ஒண்ணு சொல்லியிருப்பீங்கல்ல, அதையே நானும் சொல்லிடறேன்."

தன் அம்மாவைப் பற்றிய பேச்சு என்றதும் மாமனார் காப்பியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள். நாக்கு நுனிக்கு வந்தது எதுவுமே புருஷன் முன்னால் சொல்லும்படி இல்லை.

"பஸ்ஸுக்கு நேரமாகுது, கிளம்புடி" என்றாள், வந்த சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டு.