சல்லடையைக் காத்த கிருமிகள்

காட்டு ஏரியை ஒட்டி ஒரு சின்னக் குட்டை இருந்தது. அதில் செம்மி என்ற விரால் மீன் தன் முந்நூறு குஞ்சுகளோடு குடியிருந்தாள். ஏரித் தண்ணீர் குட்டைக்குள் வர ஒரே ஒரு வாய்க்கால்தான். அதன் வாயில் நாரால் பின்னிய சல்லடை ஒன்று இருந்தது. தண்ணீர் உள்ளே வரும். குஞ்சு தின்னும் கெளுத்தி வர முடியாது.

அந்தச் சல்லடையில் வழவழப்பான வழும்பு படிந்து, தண்ணீர் வரத்து நின்றுவிட்டது! வெயிலில் குட்டை வற்ற வற்ற, குஞ்சுகளின் முதுகு வெளியே தெரிந்தது.

"குறடா! சீக்கிரம் வா!" என்று பக்கத்து வளை நண்டைக் கூப்பிட்டாள் செம்மி.

குறடன் வந்தான். கொடுக்கால் பரபரவென்று சுரண்டினான். தண்ணீர் வந்தது. மறுநாளே மறுபடி வழும்பு! மறுபடி சுரண்டல்! சுரண்டும்போதெல்லாம் ஒரு நார் அறுந்தது.

வெளியே கெளுத்தி மீசையை ஆட்டிச் சிரித்தான். "இன்னும் ரெண்டு நார்தான், மதினி! அப்புறம் நான் உள்ளே!"

சுரண்டாவிட்டால் குட்டை வற்றும். சுரண்டினால் சல்லடை கிழியும். எப்படிப் பார்த்தாலும் பிள்ளைகள் பிழைக்க மாட்டார்கள்.

அப்போது அடிச்சேற்றிலிருந்து ஒரு பொடிக்குரல் கேட்டது. "அக்கா, நாங்க உதவட்டுமா?"

"யாரது?"

"சேத்துக் கிருமிங்க. என் பேரு கடுகி."

"கிருமியா! சல்லடையை அடைக்கிறதே உங்க கூட்டம்தானே! என் பிள்ளைங்க பக்கம் வந்தா நடக்கிறதே வேற!"

"அது வேற ஆளுங்க, அக்கா. வழும்புக் கிருமி தனியா இருந்தா ஒண்ணும் செய்யாது. ஒவ்வொண்ணும் 'நான் இருக்கேன்'னு ஒரு வாசனை விடும். வாசனை கூடினா, ஆள் சேர்ந்தாச்சுன்னு வழும்பு கட்ட ஆரம்பிச்சிடும். எங்களுக்கு அந்த வாசனைதான் சாப்பாடு!"

குஞ்சுகள் பக்கம் வேற்றாளை விடுவது விரால் குலத்திலேயே இல்லாத வழக்கம். செம்மி தயங்கினாள். பிறகு, வெளியே தெரியும் முதுகுகளைப் பார்த்தாள்.

"தண்ணி உங்களை அடிச்சிட்டுப் போயிடாதா?"

"வெறும் நத்தைக் கூட்டுல எங்களை வெச்சு, வாயைச் சேத்தால பூசிடுங்க. வாசனை உள்ளே கசியும். நாங்க வெளியே போக மாட்டோம்."

செம்மி சம்மதித்தாள். குறடன் கடைசியாக ஒரு முறை சுரண்டினான். படக்! இன்னொரு நார் போனது. மிச்சம் ஒன்றுதான். கடுகியின் கூட்டத்தை ஒரு நத்தைக் கூட்டில் வைத்து, வாயைச் சேற்றால் பூசி, சல்லடை ஓரமாகச் செருகிவைத்தான்.

மறுநாள் பாலாடை போல மெல்லிய வழும்பு தெரிந்தது. குறடன் கொடுக்கைத் தூக்கினான். "தள்ளுங்கக்கா, ஒரே இழுப்பு!"

செம்மி குறுக்கே பாய்ந்து நின்றாள். "தொடாதே!"

"தண்ணி குறையுதே!"

"குறையுது. ஆனா நிக்கலை. முந்தியெல்லாம் இந்நேரம் நின்னே போயிருக்கும். பொறு!"

சல்லடை மேல் வழும்புக் கிருமிகள் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன. "யாராவது இருக்கீங்களா?" விட்ட வாசனையை எல்லாம் கடுகியின் ஆட்கள் வாரித் தின்றுவிட்டார்கள். பதிலே இல்லை!

"ஐயோ, நான் மட்டும்தான் போல!" என்று ஒவ்வொன்றும் பிடியை விட்டது. ஓடும் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போனது.

மூன்றாம் நாள் தண்ணீர் சலசலவென்று பாய்ந்தது. குஞ்சுகள் முங்கி முங்கி விளையாடின. சல்லடைக்கு வெளியே காத்துக்கிடந்த கெளுத்தி பசி தாங்காமல் வாலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

செம்மி நத்தைக் கூட்டருகே குனிந்தாள். "கடுகி, உன் சொந்தக்காரங்க இன்னும் யாராச்சும் இருந்தா வரச் சொல்லு. இன்னொரு கூடும் வெச்சிடலாம்!"

பேரைக் கேட்டே பயந்து ஒதுக்காமல், அவரவர் செய்யும் வேலையைப் பார்த்து நம்புகிறவருக்குத் தீராத தொல்லையும் தீரும்.