சடையன் கரடி வாசலைக் குறுக்கிய கதை

இலுப்பைக் கடைவீதியில் சடையன் கரடி ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஓட்டினான். தேன் கடை அல்லவா? வாங்க ஆள் வராவிட்டாலும் ஈ வராமல் இருக்குமா?

அந்த வீதி ஒரு காலத்தில் எப்படி இருந்தது தெரியுமா! இரண்டு பக்கமும் பாறைகள். பாறைக்குப் பாறை ஒரு பொந்து, பொந்துக்குப் பொந்து ஒரு கடை. முள்ளம்பன்றி கிழங்கு விற்றது, அணில் கொட்டை விற்றது, முயல் கீரை விற்றது. நடுவில் ஒரு சுனை. இலுப்பைப் பூ கொட்டும் மாதத்தில் வீதி முழுக்க மணக்கும். நடக்க இடம் இருக்காது. மான் காலை மயில் மிதிக்கும், மயில் தோகையைப் பன்றி மிதிக்கும், ஒரே கூச்சலாக இருக்கும். அந்தக் கூச்சலை நினைத்தாலே சடையனுக்குக் கண் கலங்கிவிடும்.

முதல் மழையோடு யானைக் கூட்டம் வரும். அதுதான் வீதிக்கே திருநாள். யானை நின்றால் மான் நிற்கும், மான் நின்றால் காடே நிற்கும். அழகம்மை யானை அப்போது சின்னக் குட்டி. மழைக்குப் பயந்து நடுங்குவாள். அவளை எங்கே நிறுத்துவது என்று அவள் அம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள். சடையன் கடைப் பொந்துதான் பெரியது. ஆனால் வாசலை ஒரு பாறை பாதி மறைத்துக்கொண்டிருந்தது. அம்மா யானை நெற்றியை வைத்து ஒரே தள்ளு! பாறை உருண்டு பள்ளத்தில் விழுந்தது. அன்றைக்கு அகலமான வாசல் அது. அழகம்மை உள்ளே நின்று, தும்பிக்கையைத் தேன் குடுக்கைக்குள் விட்டு, அது மாட்டிக்கொண்டு அழுத அழுகையை வீதியே கேட்டுச் சிரித்தது.

அதெல்லாம் போயிற்று. இப்போது வீதியில் முள்ளும் கொடியும் மண்டிக் கிடந்தன. சுனை தூர்ந்து சேறாகிவிட்டது. போன மழைக்கு யானைகள் வந்தன, ஆனால் வீதிக்குள் நுழையவில்லை. அழகம்மை இப்போது கூட்டத்துக்கே தலைவி. முனையில் நின்றபடியே குரல் கொடுத்தாள்.

"சடையண்ணே! என் பையனை ஒங்க கடையில நிறுத்தணும்னு ரொம்ப ஆசை. நான் நின்ன எடத்துல அவனும் நிக்கணும். ஆனா இந்த முள்ளுக்குள்ள எப்படிக் கூட்டிட்டு வர்றது? அடுத்த மழைக்காவது வீதியைச் சரி பண்ணி வைங்க. அதுக்கும் மேல போனா அவன் வளந்துருவான், கூரையில தலை இடிக்கும்!"

"வா தாயி, கட்டாயம் வா! எல்லாம் சரியாயிரும்!" என்றான் சடையன்.

"இல்லேன்னா ஆத்துக்கு அக்கரையில மூங்கில் சந்தைக்குத்தான் போகணும். அங்க தண்ணி நல்லா இருக்காம்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து சடையனுக்குத் தூக்கம் போயிற்று. யானையும் வரவில்லையென்றால் இனி வீதி என்று ஒன்று எதற்கு? அந்தக் குட்டி ஒரே ஒரு மழையாவது தன் பொந்துக்குள் நிற்க வேண்டும். அதைப் பார்த்துவிட வேண்டும். அவனுக்கு வேறு ஆசையே இல்லை.

கீரைக்கடை முயல் பேச்சி சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒருநாள் எல்லாரையும் சுனைக் கரையில் கூட்டினாள்.

"வீதி நாறிக் கிடக்கு. சரி பண்ண வேண்டாமா?"

"சிங்க ராஜாவுக்கு வரி கட்டுறோமே, அவரு செய்யட்டும்!" என்றான் முள்ளம்பன்றி ஆண்டியப்பன்.

"அவரு காடு பூரா பாக்கணும். நம்ம வீதி அவரு கண்ணுலயே படாது. நாமளே ஆளுக்குக் கொஞ்சம் சரக்குப் போடுவோம். அதை வச்சு, முள்ளு வெட்டக் குரங்குகளுக்குச் சாப்பாடு போடலாம். சுனை தோண்டக் காட்டுப்பன்றிகளைக் கூப்பிடலாம். போடுற சரக்கு பூராவும் இந்த வீதிக்குத்தான், வெளியில ஒரு கொட்டை போகாது!"

"எல்லாரும் ஒரே அளவு போட்டா ஆச்சு" என்றான் சடையன்.

அணில் துள்ளிக் குதித்தது. "நல்லா இருக்கே நியாயம்! என் பொந்து ஒங்க மூக்கு அளவு. நானும் நீங்களும் ஒண்ணா?"

பேச்சி யோசித்தாள். "வாசலை அளப்போம். அகல வாசலுக்குள்ள ஆளு நெறைய வரும், ஆதாயமும் நெறைய. அதனால அவங்க கூடப் போடட்டும். சின்ன வாசல் கொறைச்சுப் போடட்டும். சம்மதம்னா வாலைத் தூக்குங்க!"

எல்லா வாலும் மேலே போயின. சடையனுக்கு வால் இருக்கிற இடமே தெரியாது, பாவம். அவன் இரண்டு கையையும் தூக்கினான். அத்தனை சந்தோஷம் அவனுக்கு.

யாரை வைத்து அளப்பது? சாரைப் பாம்பு முத்தாயியை வைத்துத்தான். அவள் வாசலில் நீட்டிப் படுப்பாள். ஒரு பாம்பு நீளத்துக்கு ஒரு கூடை சரக்கு. ஒவ்வொரு அமாவாசைக்கும் இப்படி அளந்து போட வேண்டும் என்று முடிவாயிற்று.

அமாவாசைக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் சடையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"முத்தாயி, சும்மா ஒரு தரம் படுத்துக் காட்டேன். எவ்வளவு வருதுன்னு பாப்போம்."

முத்தாயி படுத்தாள். வாசல் முடியவில்லை. நகர்ந்து போய் மறுபடியும் படுத்தாள்.

"பெரிய வாசல்ண்ணே ஒங்களுக்கு! வீதியிலயே நீங்கதான் அதிகம் போடணும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

சடையனுக்கு வயிறு எரிந்தது. 'நான் மட்டும் என்ன இளிச்சவாயனா? ஆண்டியப்பன் அரைக்கூடை, நான் ரெண்டு கூடையா? தேன் எடுக்க மரம் ஏறுறது யாரு, கொட்டு வாங்குறது யாரு?' என்று முணுமுணுத்தான். முணுமுணுக்க முணுமுணுக்க அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வந்திருக்கவே வேண்டாம், வந்து தொலைத்தது.

வாசலில் கல்லை அடுக்கினான். கல்லுக்கு நடுவே புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினான். அம்மா யானை நெற்றியால் திறந்துவிட்ட வாசல் அது. முதல் கல்லை வைத்துவிட்டு ஒரு தரம் எடுத்தான், மறுபடியும் வைத்தான். 'மழை வரட்டும், முந்தின நாளே இடிச்சுக்கலாம். அழகம்மைக்குத் தெரியவா போகுது?' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழையும் அளவுக்கு மட்டும் சந்து விட்டான். அவ்வளவுதான் வாசல்.

எதிர்க் கடை ஆண்டியப்பன் இதைப் பார்க்காமல் இருப்பானா? மறுநாளே தன் வாசலில் முள்ளை அடைத்தான். அதைப் பார்த்து அணில் நாரைத் திணித்தது. அதைப் பார்த்துப் பக்கத்துக் கடைக் கௌதாரி சருகைக் குவித்தது. ஒருவரும் ஒருவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் தன் குட்டும் வெளிப்பட்டுவிடுமே! தான் மட்டும்தான் கெட்டிக்காரன் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள்.

அமாவாசையன்று முத்தாயி அளக்க வந்தாள். சில வாசலுக்கு வால் நுனியே போதுமானதாக இருந்தது.

"என்னண்ணே, அன்னைக்குப் பாத்தப்ப அகலமா இருந்துச்சே?" என்றாள் சடையனிடம்.

"வெயிலுக்குச் சுருங்கிருச்சு" என்றான் சடையன். பாறை வெயிலுக்குச் சுருங்குமாம்! முத்தாயி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்கு ஊர்ந்து போனாள்.

எல்லாரும் போட்ட சரக்கு ஒரு கூடைக்குக்கூட வரவில்லை. குரங்குகள் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தன.

"இதைத் தின்னுட்டு வீதி பூரா முள்ளு வெட்டணுமா? எங்களுக்குப் பல்லு இடுக்குக்கே பத்தாது!"

பேச்சி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். தன் கீரையில் பாதியை அள்ளிக் கொடுத்தாள். குரங்குகள் வீதியின் முனையிலிருந்து சடையன் கடை வரைக்கும் வெட்டின. அதற்கு அப்பால் கையை உதறிவிட்டுப் போய்விட்டன. சுனை சேறாகவே கிடந்தது.

சடையன் உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தான். வீதி கண்ணுக்குத் தெரியவில்லை. விற்காத தேனைக் குடித்தான், பழைய நாளை நினைத்தான், மறுபடியும் குடித்தான். அந்தக் கூச்சலும் அந்த மணமும் இந்த மழைக்குத் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தபடியே தூங்கிப் போனான்.

மழை சொல்லிக்கொண்டா வரும்? ஒருநாள் மத்தியானம் திடீரென்று கொட்டியது. கூடவே பிளிறல் சத்தம்!

அழகம்மை வீதி முனையில் நின்றாள். "அட, முள்ளெல்லாம் வெட்டியிருக்காங்க! வாடா கண்ணு, நான் நின்ன எடத்தைக் காட்டுறேன்" என்று குட்டியை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னால் மொத்தக் கூட்டமும் வந்தது. யானைகளைப் பார்த்து மான்களும் மயில்களும் வந்தன. எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வீதியில் அத்தனை காலடி!

ஆனால் கடைகள் எங்கே? எங்கே பார்த்தாலும் கல்லும் முள்ளும் சருகும்தான் இருந்தன.

"எல்லாரும் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க போல" என்றது ஒரு மான்.

சடையன் துள்ளி எழுந்தான். "தாயி! நான் இங்க இருக்கேன்!" என்று பாய்ந்தான். பாதி உடம்புதான் வெளியே வந்தது. குடித்த தேன் எல்லாம் தொப்பையாக நின்றது. சந்தில் மாட்டிக்கொண்டான். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. புற்றுமண் காய்ந்து இறுகிக் கிடந்தது.

அழகம்மை குரல் வந்த பக்கம் திரும்பினாள். "சடையண்ணே! இது ஒங்க கடையா? வாசல் எங்கண்ணே?"

பாறை சரிந்துவிட்டது என்று சொல்லத்தான் சடையன் வாயெடுத்தான். அதற்குள் குட்டி அண்ணாந்து பார்த்தது. அதன் காதிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. அம்மா காலோடு ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. அழகம்மையும் அந்த வயதில் அப்படித்தான் நடுங்கினாள். சடையனுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான்தான் தாயி அடைச்சேன்."

"எதுக்குண்ணே?"

"வீதிக்குக் கொடுக்க வேண்டிய பங்கு கொறையுமேன்னு... வாசலை அளந்து வாங்கினாங்க."

அழகம்மை கிட்டே வந்தாள். பிறகு நெற்றியைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். உடனே எடுத்துக்கொண்டாள்.

"எங்கம்மா மாதிரி ஒரே தள்ளுல தள்ளிருவேன். ஆனா நீங்க நடுவுல மாட்டியிருக்கீங்க. கல்லு ஒங்க மேலதான் விழும். வேண்டாம்ண்ணே."

"இருங்க, இருங்க! இப்ப இடிச்சிருவேன்! இப்ப!" சடையன் நகத்தால் மண்ணைப் பிறாண்டினான். மண் பொடிப்பொடியாகத்தான் உதிர்ந்தது.

"பிள்ளை நனையுதுண்ணே" என்றாள் அழகம்மை. அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கூட்டம் திரும்பியது. மான்கள் திரும்பின, மயில்கள் திரும்பின. எல்லாம் ஆற்றைக் கடந்து மூங்கில் சந்தைக்குப் போயின. சடையன் சந்தில் மாட்டிக் கிடந்தபடியே அவை போவதைப் பார்த்தான். வாய்விட்டு அழுதான். எதிர்ப் பக்கம் முள்ளுக்குள்ளிருந்து ஆண்டியப்பனும் எட்டிப் பார்த்தான், பொந்திலிருந்து அணிலும் எட்டிப் பார்த்தது. யாருக்கும் யார் முகத்தையும் பார்க்கத் துணிவில்லை.

சாயங்காலம்தான் சுவரில் ஒரு கல் அசைந்தது. சடையன் வெளியே விழுந்தான். உடம்பெல்லாம் சிராய்ப்பு. எழுந்ததும் மீதிக் கல்லையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தான். நேரே முத்தாயியிடம் போனான்.

"வந்து அளந்துக்கோ தாயி."

"மழை வந்து போயிருச்சே. இனிமே எதுக்குண்ணே?"

"நீ வந்து படு. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும், ஒரு விரல்கூட விடாம அள!"

முத்தாயி வந்து படுத்தாள். சடையன் இரண்டு கூடை நிறையத் தேனடையைப் பேச்சி முன்னால் கொண்டுபோய் வைத்தான். பேச்சி காது மடல் இரண்டும் தொங்க அழுதுவிட்டாள். ஆண்டியப்பன் முள்ளை எடுத்தான், அணில் நாரை எடுத்தது, கௌதாரி சருகைக் கலைத்தது. அடுத்த அமாவாசைக்குச் சரக்கு மலைபோலக் குவிந்தது. குரங்குகள் வாயைப் பிளந்தன. முள் போயிற்று, சுனையில் தண்ணீர் ஊறியது.

அடுத்த மழைக்கு யானைகள் வந்தன. வீதி மறுபடியும் கூச்சலாக இருந்தது. அழகம்மையின் மகன் ஓடி வந்து சடையன் கடைக்குள் நுழையப் பார்த்தான். கூரைப் பாறையில் தலை இடித்தது. குனிந்து பார்த்தான், முட்டி போட்டுப் பார்த்தான். முடியவில்லை. வெளியே மழையில் நின்றபடி தும்பிக்கையை மட்டும் உள்ளே நீட்டினான்.

"கரடி மாமா, எங்கம்மா நின்ன எடம் எது?"

சடையன் அந்தத் தும்பிக்கையை மெதுவாகப் பிடித்து, தரையில் ஓர் இடத்தில் வைத்தான்.

எல்லாருக்கும் பொதுவான காரியத்தில் தன் பங்கைக் குறைக்க வாசலைக் குறுக்குகிறவன், தனக்கு வர இருந்த நல்லதையும் வெளியே நிறுத்திவிடுகிறான். வாசலைப் பிறகு திறந்துகொள்ளலாம், போன மழையைத் திரும்பக் கூப்பிட முடியாது.