வடக்கு வாசல் சேந்தன்

கல்மேட்டுக் கோட்டையில் சேந்தன் என்ற பெயரில் ஒரு காலத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் வடக்கு வாசல் காவலன். மற்றவர் உப்பு வணிகர். மூன்றாவதாக ஒரு சேந்தன் கூத்து மேடையில் பிறந்தான். காவலனின் வாழ்வு குலைந்தது அதன் பிறகுதான்.

காவலன் சேந்தன் பருத்த உடம்புக்காரன். தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டை அதிரச் சிரிப்பான். பகைவர் படை கோட்டையைச் சூழ்ந்துகொண்ட ஆண்டில் உள்ளே தானியம் தீர்ந்து ஊர் வாடியது. "கதவைக் கொஞ்சம் திறந்துவிடு, உன் வீட்டுக்கு வேண்டிய நெல்லை அனுப்புகிறோம்" என்று வெளியிலிருந்து ஆசை காட்டினார்கள். சேந்தன் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டான். அந்த முற்றுகையில் அவன் மனைவி பட்டினியால் இறந்தாள். கதவு திறக்கவே இல்லை.

அவனுக்கு மாசாத்தன் என்றொரு நண்பன். கூத்துக்குப் பாட்டுக் கட்டுகிறவன். மனைவியை எரித்துவிட்டுத் திரும்பும் வழியில் சேந்தன் அவனிடம் மட்டும் ஒன்றைச் சொன்னான்.

"அவள் கஞ்சி கேட்டாள், மாசாத்தா. என் கை தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டது. இழுக்கவில்லை. ஆனால் தொட்டேன்."

"இதை யாரிடமும் சொல்லாதே" என்றான் மாசாத்தன். "என்னோடு போகட்டும்."

முற்றுகை நீங்கியது. ஊர் மெல்லத் தேறியது. அறுவடைத் திருவிழாவுக்கு மாசாத்தன் ஒரு புதுக்கூத்து கட்டினான். மனைவியின் பசி பொறுக்காமல் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டு, ஊரையே பகைவர் வாளுக்குக் கொடுத்த ஒரு காவலனின் கதை. அந்தக் காவலன் பெயர் சேந்தன். மேடையில் அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். மனைவி கஞ்சி கேட்டதும் அவன் கை மெல்ல நீண்டு தாழ்ப்பாளைத் தொட்டது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பின்வரிசையில் நின்றிருந்த காவலன் சேந்தன் தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

கூத்து ஊரைப் பிடித்துக்கொண்டது. திருவிழா முடிந்தும் ஆடச் சொல்லிக் கேட்டார்கள். கொஞ்ச நாளில், "சேந்தன் கதவைத் திறக்கப் போனவன்தான், அதைத்தான் மாசாத்தன் மறைத்துப் பாடியிருக்கிறான்" என்று பேச்சு கிளம்பியது. உயிர்நண்பனுக்குத் தெரியாததா என்றார்கள்.

அதே பெயர் என்பதால் உப்பு வணிகரிடம் வாங்குவோர் குறைந்தார்கள். அவர் சந்தையில் பறையறைவித்தார்: "இன்றுமுதல் என் பெயர் வேண்மான். இந்த ஊரில் சேந்தன் என்றால் வடக்கு வாசல்காரன் ஒருவன்தான்!" வழியில் எதிர்ப்பட்ட சேந்தனிடம், "கோபித்துக்கொள்ளாதே தம்பி, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார்.

அந்தச் சமயத்தில் சேந்தனின் மகள் கோதைக்கு ஆண்குழந்தை பிறந்தது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது அவர்கள் வழக்கம். சேந்தன் புதுத்துணி உடுத்திப் போய்க் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டான். பெயரைக் காதில் சொல்லக் குனிந்தபோது கோதை அவன் தோளைப் பிடித்தாள்.

"அப்பா, வளவன் என்று சொல்லுங்கள்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோதையின் கண் நிறைந்திருந்தது, பிடி தளரவில்லை. சேந்தன் வளவன் என்றே சொன்னான்.

அங்கிருந்து நேராக மாசாத்தன் வீட்டுக்குப் போனான்.

"பெயரை மாற்றிவிடு. அது போதும்."

"சேந்தா, அந்தப் பெயரில்தான் பாட்டே நிற்கிறது. இந்த ஊரில் இரண்டு சேந்தன்கள் இருந்தார்கள். நான் உன்னைத்தான் சொன்னேன் என்று எப்படி எடுத்துக்கொண்டாய்?"

"அந்தக் கையை எங்கிருந்து எடுத்தாய்?"

மாசாத்தன் மத்தளத்தின் வாரை இறுக்கிக்கொண்டே இருந்தான்.

அடுத்த ஆட்டத்தில், மேடையில், ஊரை இழந்த அரசி தலைவிரிகோலமாக வந்து, "சேந்தா, நீயா திறந்தாய்?" என்று அலறினாள். கூட்டத்தின் நடுவிலிருந்து காவலன் எழுந்தான்.

"நான் திறக்கவில்லை!"

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் யாரோ கேட்டார்கள்: "சரி, தொட்டாயா?"

சேந்தனுக்குப் பொய் வராது. அவன் மேடையில் மத்தளத்தோடு உட்கார்ந்திருந்த மாசாத்தனைப் பார்த்தான். தொட்டும் திறக்காமல் நின்றவன் இவன் என்று ஒரே ஒரு சொல் நண்பன் சொல்லியிருக்கலாம். மாசாத்தன் குனிந்தபடி அடுத்த பாட்டுக்குத் தாளம் போட்டான்.

தொடவில்லை என்று சேந்தன் சொல்லாததே போதும் என்று மறுநாள் ஊர் அவை அவனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டது. அவன் தன் துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வடக்கு வாசல் வழியாக வெளியேறினான். புதுக்காவலன் கதவைத் திறந்துவிட்டான். சேந்தன் திரும்பி வரவில்லை.

பெயரைக் கைவிட்டவர் வணிகர். பெயரை மறுத்தவள் மகள். பெயரை எடுத்துப் பயன்படுத்தியவன் நண்பன். இந்த மூவரில் சேந்தனுக்குத் துரோகம் செய்தவர் யார்?

விடை: வணிகர் செய்தது கோழைத்தனம். ஆனாலும் அவர் விட்டது தம் சொந்தப் பெயரை. சேந்தனுக்கு அவர் எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. கோதை தந்தையின் நெஞ்சை மற்ற எவரையும்விட அதிகமாக நோகடித்தாள். ஆனால் வாய் பேசத் தெரியாத குழந்தையை ஊரின் வாயிலிருந்து காப்பாற்றினாள். அந்த ஊரில் அவள் பிள்ளை வளர்ந்தாக வேண்டும். துரோகி மாசாத்தன்தான். அதுவும் பெயரை எடுத்ததால் அல்ல. சேந்தன் என்ற பெயர் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளக்கூடியது. மனைவியை எரித்துவிட்டு வந்தவன் நம்பிச் சொன்ன சொல் மாசாத்தன் ஒருவனிடம் மட்டுமே இருந்தது. அதில் பாதியை ஊருக்கு விற்றான். சேந்தனைக் காப்பாற்றக்கூடிய மறுபாதியை விழுங்கிவிட்டான்.