எந்த வழிங்க?

இதை நான் நேரில் பார்க்கவில்லை. காங்கேயம் பக்கத்து நண்பர் சொன்னது. அவருக்கும் யாரோ சொன்னதுதான்.

ஊர்க்காரர்கள் பஸ்ஸுக்கு நடக்கும் பாதை நாச்சிமுத்துவின் தோட்டத்துக்குள் போகிறது. அவரோ, "என் தோட்டத்துல வழியே கிடையாது" என்று பஞ்சாயத்தில் அடித்துச் சொல்லிவிட்டு, முள்கம்பி வேலி போட மாரப்பனைக் கூப்பிட்டார். மாரப்பனும் அந்தப் பாதையில் நடக்கிறவன்தான்.

"ஏனுங்க, எங்காச்சும் வழி விடட்டுங்களா?"

"வழியே கிடையாதுங்கறேன், விடட்டுமாங்கறே! சுத்தி இழுடா!"

மாரப்பன் கம்பியைக் கடப்பாரையால் நெம்பி, சுண்டினால் சத்தம் வரும்படி சுற்றிலும் இழுத்துக் கட்டினான். சாயங்காலம், மச்சினன் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் பட்டுவேட்டியோடு தோட்டத்து வீட்டிலிருந்து கிளம்பிய நாச்சிமுத்து, வேலிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார். வெளியே ஊரே கூடிவிட்டது.

"டேய், வழியைத் திறடா!"

"எந்த வழிங்க? இங்கதான் வழியே இல்லீங்களே."

"அதான்டா, எல்லாரும் பஸ்ஸுக்குப் போற வழி!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றபடி மாரப்பன் கம்பி வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தான்.

பட்டுவேட்டி கிழிந்ததா என்பது நண்பருக்கே நிச்சயமில்லை. போன மாதம் போய்ப் பார்த்தேன். வேலி இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் கம்பி இல்லை. அதன் வழியாகத்தான் நானும் பஸ்ஸுக்கு நடந்தேன்.