பச்சை மை

துறைத்தலைவர் நல்லசிவத்துக்கு எதையும் முழுசாக எழுதுவது கௌரவக் குறைச்சல். அன்றைக்கு மாணவர்கள் முன்னால் ஆய்வக உதவியாளர் செங்கமலத்தின் மீது எரிந்து விழுந்தார்.

"ஆர்.டி.ன்னா ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். ஃப்ரீசர்ல வைக்க வேண்டிய என்சைமை அலமாரியில வச்சுக் கெடுத்துட்டியே!"

வேலைநீக்கக் கடிதம் தயாராக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"ஆர்.டி.ன்னா ரூம் டெம்பரேச்சர்னு நெனச்சுட்டேன் சார், தப்புதான். நான் போறதுக்கு முன்னாடி, இதெல்லாம் எங்க வைக்கணும்னு சொல்லிடுங்க." செங்கமலம் மூன்று குப்பிகளை நீட்டினாள். மூன்றின் மேலும் வெறும் 'ஆர்.டி.' என்றுதான் எழுதியிருந்தது.

நல்லசிவம் ஒன்றைக் குலுக்கினார், வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றும் புரியவில்லை.

"எந்த முட்டாள் எழுதினது இது?"

எழுத்து பச்சை மையில் இருந்தது. அந்தத் துறையில் பச்சை மையில் எழுதுகிறவர் ஒருவர்தான்.

நல்லசிவம் கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மெல்லச் சட்டைப்பைக்குள் ஒளித்தார்.