பதினோராவது ஜீப்

காலை ஏழு மணிக்குக் கோத்தகிரி மைதானத்தில் பதினோரு ஜீப்புகள் நின்றன. அவற்றில் பத்துக்கு முந்தைய நாளே சான்று எழுதியாகிவிட்டது. மிச்சமிருந்தது ஜோகி கவுடருடையது.

1960-க்கு முன் பிறந்த வண்டி என்று சான்று கிடைத்தால் அது பழைய வாகனப் பட்டியலில் ஏறும், தொடர்ந்து ஓடலாம். கிடைக்காவிட்டால் அடுத்த மாதத்தோடு சரி. மேட்டுப்பாளையத்து இரும்புக் கடைக்காரர் ஒருவர் ஏற்கெனவே வந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

சான்றில் கையெழுத்துப் போடுகிறவர் பிலோமினா மேஸ்திரி. வயது நாற்பத்து மூன்று. பழைய ஜீப்பின் வருடம் சொல்வதில் அந்த மலையில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவருடைய சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர். முப்பது வருடம் வண்டிகளை நிறுத்தியவர், எட்டு மாதமாக அவற்றின் அடியில் படுக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

பிலோமினா அவர் கையில் மூன்று சாக்பீஸ் கொடுத்தார். வண்டியோடு பிறந்த பாகத்தில் வெள்ளைக் கோடு. பின்னால் வந்து சேர்ந்ததில் சிவப்பு. தெரியாததில் மஞ்சள். அதுதான் அவர் வழக்கம்.

"இன்னைக்கு நீங்களே பாருங்க சார். நான் டீ குடிச்சிட்டு வர்றேன்."

தணிகாசலம் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு இறங்கினார். பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் டீசல் எஞ்சின்: சிவப்பு. கண்ணாடி புதுசு: சிவப்பு. கியர் பாக்ஸின் வார்ப்பில் 57 என்று இருந்தது: வெள்ளை. டேஷ்போர்டில் தகடு ஒன்று. அதில் சேசிஸ் எண்ணும் 1957-ம் தெளிவாக இருந்தன. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த ரிவெட்டுகள் பளபளத்தன. சிவப்பு.

"கழண்டு விழுந்துச்சுங்க. நான்தான் திரும்ப அடிச்சேன்" என்றார் ஜோகி கவுடர்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"இன்ஸ்பெக்டரய்யா, ரிட்டயர் ஆயும் அபராதம் போடுற கை இன்னும் ஓயலையே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தணிகாசலம் சிரிக்கவில்லை. கடைசியாக வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்குப் போனார். எஞ்சின் மாறலாம், கதவு மாறலாம். சேசிஸ் மாறினால் வண்டியே வேறு. அதன் இடது பக்கத்தில், எண் குத்தியிருக்க வேண்டிய இடத்தில், ஒரு முழ நீளத்துக்கு இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடித்திருந்தது.

அவருக்கு உடனே புரிந்தது. சிவப்புக் கோட்டை இரண்டு முறை இழுத்தார்.

பிலோமினா திரும்பி வந்து வண்டியைப் பார்க்கவில்லை. சாக்பீஸ்களைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார். சிவப்பு பாதி கரைந்திருந்தது. வெள்ளை கொஞ்சம். மஞ்சளின் முனை தேயவே இல்லை.

"தெரியாததுன்னு ஒண்ணுமே இல்லையா சார்?"

"இல்லை மேஸ்திரி. சேசிஸ் மாத்தின வண்டி இது. திருட்டு நம்பரை மறைக்கத்தான் இப்படிப் பட்டை வைப்பாங்க. நாற்பது கேஸ் பிடிச்சிருக்கேன்."

"இந்த நாற்பத்தொண்ணைப் பார்த்தீங்களா?"

"அதே வேலைதான்."

"பார்த்தீங்களான்னு கேட்டேன்."

தணிகாசலம் குனிந்து பட்டையைப் பார்த்தார்.

"எங்கப்பா காலத்துல உருளைக்கிழங்கு மூட்டை ஏத்தி ஏத்தி வளைஞ்சுபோச்சுங்க. அதுக்குத்தான் பட்டை. உள்ள என்ன இருக்குன்னு நானும் பார்த்ததில்லை" என்றார் கவுடர்.

"ஆர்.சி. புத்தகத்துல நம்பர் இருக்கே?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அது தகட்டைப் பார்த்து எழுதினது. சாட்சி ஆகாது" என்றார் தணிகாசலம். அதை அவர் அறிவார். அப்படி எத்தனையோ எழுதியிருக்கிறார்.

பிலோமினா கவுடர் பக்கம் திரும்பினார். "பட்டையை அறுத்துப் பார்க்கணும். அறுக்கும்போது சேசிஸ் விரிசல் விட்டா வண்டி போச்சு. உள்ள வேற நம்பர் இருந்தாலும் போச்சு. உங்க இஷ்டம்."

கவுடர் பானெட்டின் மேல் கையை வைத்தார்.

"அறுங்க. வேற நம்பர்னா நானே இரும்புக் கடைக்குத் தள்ளிட்டுப் போறேன்."

"சார், இரும்பு அறுக்கிற கிரைண்டரை எடுங்க" என்றார் பிலோமினா.

"நானா?"

"கோடு போட்டது நீங்கதானே?"

ஒரு மணி நேரம் பொறி பறந்தது. வெல்டிங்கை மட்டும் தொட்டு, சேசிஸைத் தொடாமல் அறுக்க வேண்டும். தணிகாசலத்தின் பனியன் நனைந்தது. பட்டை 'ணங்' என்று மண்ணில் விழுந்தபோது விரிசல் எதுவும் இல்லை. துருதான் இருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார்.

"கவுடரே, தகட்டைப் படிங்க."

"நாலு."

"நாலு" என்றது வண்டிக்கு அடியிலிருந்து வந்த குரல்.

"ஒண்ணு."

"ஒண்ணு."

"எட்டு."

குரல் வரவில்லை. பிரஷ் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"எட்டு! அடுத்தது ஆறு, சரியா? கடைசி ரெண்டும் ஒன்பது! சொல்லுங்க கவுடரே!"

"ஆறு... ஒன்பது... ஒன்பதுங்க!"

பத்து ஜீப்புகளும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. யாரோ கவுடரைத் தோளில் தூக்கினார்கள். வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டே அவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். தணிகாசலம் முகமெல்லாம் கரியாக வெளியே வந்தார். சேசிஸில் தான் போட்ட சிவப்பைத் துணியால் துடைத்துவிட்டு, குனிந்து வெள்ளைக் கோடு போட்டார். அப்போது மைதானத்திலேயே பெரிய சிரிப்பு அவருடையதுதான்.

சான்றில் 1957 என்று எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார்.

"மேஸ்திரி, ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்க."

"உள்ள அதே நம்பர்தான் இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பிலோமினா கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார்.

"எனக்கு எங்க தெரிஞ்சுது சார்? தெரிஞ்சிருந்தா எதுக்கு அறுக்கச் சொல்லப்போறேன்?"

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை நடந்த பழைய வாகன அணிவகுப்பில் அந்த ஜீப் கோத்தகிரியிலிருந்து ஊட்டிவரை ஓடியது. வழியில் எங்கும் நிற்கவில்லை.